வாசகர் கேள்விகள்: கர்னல் மேயின் ஊர்

சென்ற இதழில் மாண்டலே – லாஷியோ ரயில் பாதையைப் பற்றிய கேள்வி ஒன்றுக்கு விடை எழுதியபோது, வழியில் வரும் மேமியோவை "வெள்ளையரின் கோடை வாசஸ்தலம், இன்று ராணுவ நகரம்" என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தேன். அது போதாது என்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்த வரி போதாததோடு ஓரளவு தவறானதும்கூட என்பதைக் கடிதங்களுக்கு விடை தேடும்போதுதான் உணர்ந்தேன். ஆகவே இந்த முறை கேள்விகள் அனைத்தும் மேமியோவைப் பற்றியவையே.

என் தாத்தா மாண்டலேயில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். வெயில் காலத்தில் துரைமார்கள் எல்லாம் மேமியோவுக்கு ஏறிவிடுவார்கள் என்று சொல்லுவார். இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயரையே காணோமே? அந்த ஊர் எப்போது ராணுவ முகாமாக மாறியது?
(காரைக்குடி வாசகர்)

வரைபடத்தில் பியின் ஊ லுவின் என்று தேடுங்கள், கிடைத்துவிடும். மாண்டலேக்குக் கிழக்கே 67 கிலோமீட்டர் தொலைவில், ஷான் பீடபூமியின் விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,070 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ராணுவ அரசு பர்மாவை மியான்மர் என்றும் ரங்கூனை யாங்கோன் என்றும் மாற்றியபோது, மேமியோவும் தன் பழைய பெயருக்குத் திரும்பியது. பழைய பெயர் என்று சொல்வதற்குக் காரணம், ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே அங்கே அந்தப் பெயரில் ஒரு சிற்றூர் இருந்தது. மாண்டலேயிலிருந்து லாஷியோவுக்குச் செல்லும் வணிகப் பாதையில், இரண்டு டஜன் வீடுகளைக் கொண்ட தனு இனத்தவரின் ஊர் அது.

இனி உங்கள் கேள்வியின் பின்பாதி. கோடை வாசஸ்தலமாக இருந்த ஊர் பிற்காலத்தில் ராணுவ முகாமாக "மாறியது" என்றுதான் நானும் சென்ற இதழில் நினைத்து எழுதினேன். நடந்தது வேறு. அந்த ஊரில் முதலில் வந்தது பாசறைதான்.

1885 நவம்பரில் மூன்றாம் ஆங்கிலேய – பர்மியப் போர் தொடங்கி இரண்டே வாரங்களில் முடிந்தது. படையை நடத்திச் சென்றவர் சென்னைப் படையின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த தளபதி ஹாரி பிரெண்டர்காஸ்ட். மன்னர் திபா அரண்மனையிலிருந்து இறக்கப்பட்டு, முதலில் சென்னைக்கும் பிறகு ரத்தினகிரிக்கும் கொண்டு செல்லப்பட்டார். 1886 ஜனவரி 1ஆம் தேதி மேல் பர்மா ஆங்கிலேய ஆட்சியோடு இணைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மன்னரைப் பிடித்ததோடு நாடு அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஊர்த் தலைவர்களும், கலைந்துபோன அரசுப் படையினரும், சில இடங்களில் துறவிகளும்கூடக் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை அடக்க 1887 தொடக்கத்தில் ஏறத்தாழ 32,000 படைவீரர்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் நாடெங்கும் போடப்பட்ட காவல் நிலைகளில் ஒன்றுதான் பியின் ஊ லுவின். 1887இல் அங்கே தங்கியிருந்த வங்காளக் காலாட்படைப் பிரிவின் தலைவர் கர்னல் மே, 1857 எழுச்சிக் காலத்திலேயே போர் பார்த்தவர். 'மியோ' என்றால் பர்மிய மொழியில் நகரம். மேயின் நகரம் மேமியோ ஆயிற்று. 1896இல் அங்கே நிரந்தரப் படைநிலை ஏற்பட்டது. குளிர்ந்த காற்றுக்காக ஆட்சியாளர்கள் ஏறிவந்ததும் ஊர் பர்மாவின் கோடைத் தலைநகர் ஆனதும் அதற்குப் பின்புதான்.

உங்கள் தாத்தா பார்த்த துரைமார்கள் ஒரு கண்டோன்மெண்டுக்குத்தான் விடுமுறைக்கு ஏறிப்போனார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு உயரமில்லாத இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?
(சேலம் வாசகி)

நல்ல கேள்வி. ஊட்டியின் உயரத்தில் மேமியோ பாதிகூட இல்லை. உங்கள் ஏற்காடுகூட அதைவிட உயரம். ஆனால் மாண்டலேயின் கோடையை அனுபவித்தவருக்கு அந்த ஆயிரம் மீட்டரே பெரிய வரம். ஐராவதிச் சமவெளியின் நடுப்பகுதி மழை குறைந்த வறண்ட நிலம். ஏப்ரலில் வெப்பம் 40 பாகையைத் தொடுவது அங்கே வழக்கம். அங்கிருந்து ஒரே நாளில் ஏறிவிடக்கூடிய முதல் குளிர்ந்த மேடு இதுதான்.

இன்னொரு காரணத்தைக் கோடை வாசஸ்தல வரலாறுகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஊட்டியைப் போலவோ சிம்லாவைப் போலவோ மேமியோ ஒரு சரிவில் தொங்கும் ஊர் இல்லை. ஏற்றம் முடிந்ததும் நிலம் தட்டையாக விரிகிறது. அணிவகுப்புத் திடலும், குதிரை லாயங்களும், போலோ மைதானமும் அமைக்க மலையை வெட்ட வேண்டியதில்லை, நீரும் உண்டு. படைப்பிரிவைக் குடியமர்த்த இடம் தேடும் எந்தத் தளபதிக்கும் இந்த நிலம் பிடித்துப்போகும். அறுபது ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டின் தளபதிகளுக்கும் இதே காரணத்தால்தான் பிடித்துப்போயிற்று. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அங்கே நெடுங்காலம் நிலைகொண்டிருந்தது பத்தாவது கூர்க்கா ரைஃபிள்ஸ் என்ற படைப்பிரிவு. அதன் பழைய பெயரைக் கேட்டால் சென்னைக்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். பர்மாவின் குபோ பள்ளத்தாக்கில் இயங்கிய ராணுவப் போலீஸ் பட்டாளம் ஒன்றை 1890இல் படையில் சேர்த்தபோது, சென்னைக் காலாட்படையின் பத்தாவது ரெஜிமெண்டின் எண்ணையும் இடத்தையும் அதற்குக் கொடுத்தார்கள். ஆகவே கிழக்கு நேபாளத்து ராய், லிம்பு இளைஞர்கள் பல ஆண்டுகள் காகிதத்தில் "சென்னைக் காலாட்படை" வீரர்களாக இருந்தார்கள். 1901இல்தான் பெயரிலிருந்து சென்னை நீங்கிப் பத்தாவது கூர்க்கா ஆனது. ஓய்வு பெற்ற கூர்க்காக்கள் பலர் ஊர் திரும்பாமல் மேமியோவைச் சுற்றியே குடியேறி, மாடு வளர்த்துப் பால் விற்றும் தோட்டம் போட்டும் பிழைத்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

மேமியோவில் பங்களாக்கள் கட்டிய 'பம்பாய் பர்மா' கம்பெனியும், எங்கள் மாஞ்சோலை எஸ்டேட்டை நடத்திய கம்பெனியும் ஒன்றுதானா?
(அம்பாசமுத்திரம் வாசகர்)

ஒன்றேதான். இந்தக் கடிதத்தைப் படித்தபோது, கேள்வி கேட்டவர் விடையின் பாதியை ஏற்கெனவே வைத்திருக்கிறார் என்று தோன்றியது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863இல் தொடங்கப்பட்ட தேக்கு வணிக நிறுவனம். வெட்டிய மரங்களுக்கு உரிய தொகையைக் கட்டவில்லை என்று 1885 ஆகஸ்டில் பர்மிய அரசவை அதன்மீது ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த அபராதத்தைக் காரணம் காட்டித்தான் இந்திய அரசு மன்னர் திபாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது. பிரான்ஸ் மேல் பர்மாவில் கால் ஊன்றிவிடுமோ என்ற அச்சமே உண்மையான காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் சாக்கு இல்லாமல் போர் நடப்பதில்லை, சாக்கைத் தந்தது தேக்குதான்.

போர் முடிந்து, பாசறை எழுந்து, மேமியோ நகரமாக வளர்ந்தபோது, அதே கம்பெனி 1904இல் அங்கே கண்டாக்ரெய்க் என்ற பெயரில் ஒரு பெரிய வீட்டைக் கட்டியது. ஸ்காட்லாந்துப் பெயர், ஆங்கிலக் கிராமத்து அமைப்பு, உள்ளே முழுவதும் பர்மியத் தேக்கு. மணமாகாத ஊழியர்கள் சேர்ந்து தங்கும் விடுதி அது. அக்காலத்து ஆங்கிலேயர் அதைச் 'சம்மரி' என்பார்கள். நம் ஊர் மேன்ஷனின் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் காட்டில் யானைகளோடும் மரங்களோடும் மலேரியாவோடும் கிடந்த இளைஞர்கள், உடம்பு தேற இங்கே அனுப்பப்பட்டார்கள். உள்ளே நுழைந்ததும் அகலமான தேக்குப் படிக்கட்டு இரு பக்கமாகப் பிரிந்து மாடிக்கு ஏறும். அறைகளில் கணப்பு அடுப்புகள் உண்டு. சமவெளியில் பங்கா இழுக்க ஆள் வைத்திருந்தவர்கள், இங்கே நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதைப் பெரும் பேறாக நினைத்தார்கள். விடுதலைக்குப் பின் அது அரசு விடுதியாயிற்று.

இதே கம்பெனிதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, மாஞ்சோலையில் தேயிலை போட்டது. மேமியோவில் அந்த விடுதி எழுந்து கால் நூற்றாண்டு கழித்து உங்கள் மலைக்கு வந்தார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாண்டலேயிலிருந்து மேமியோவுக்கு ரயில் எப்படி ஏறுகிறது? நீலகிரி ரயிலைப் போலப் பல்சக்கரமா?
(கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்)

பல்சக்கரம் இல்லை. மீட்டர் கேஜ் பாதை, சாதாரணத் தண்டவாளம். செங்குத்தான பகுதியில் வளைந்து திரும்ப இடமில்லாததால், ரயிலை இசட் எழுத்தைப் போல ஏற்றுகிறார்கள். வண்டி முன்னோக்கி ஏறி ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும். கடைசிப் பெட்டியும் தாண்டியதும் பின்னாலுள்ள தண்டவாள இணைப்பை மாற்றுவார்கள். பிறகு வண்டி பின்னோக்கி நகர்ந்து அடுத்த சரிவில் ஏறும். அதன் முடிவில் மறுபடியும் நின்று, மறுபடியும் முன்னோக்கிப் புறப்படும். சன்னலோரத்தில் இருப்பவருக்கு, சற்றுமுன் தான் கடந்துவந்த தண்டவாளம் காலுக்குக் கீழே ஓடுவது தெரியும். மெதுவான வழி, ஆனால் செலவு குறைந்த வழி.

மேமியோவைத் தாண்டியபின் வருவதுதான் பாதையின் பெருமை. கொக்தேக் பள்ளத்தாக்கின் மேல் 1901இல் கட்டி முடிக்கப்பட்ட எஃகுப் பாலம் 689 மீட்டர் நீளமும் 102 மீட்டர் உயரமும் கொண்டது. அதன் பாகங்களை அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டீல் கம்பெனி வார்த்து, கப்பலில் ரங்கூனுக்கு அனுப்பியது. ஆங்கிலேயப் பேரரசின் பாதைக்கு அமெரிக்க எஃகு என்பது அக்காலத்தில் லண்டனில் பலருக்குக் கசந்த செய்தி. பாலத்தின்மேல் ரயில் ஆள் நடக்கும் வேகத்துக்குக் குறைந்துவிடும்.

இவ்வளவு செலவு கோடை விடுமுறைக்காக இல்லை. பாதையை லாஷியோவுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சீனாவின் யுன்னான் மாநிலத்தை எட்டிவிட வேண்டும் என்பது கனவு. கனவு லாஷியோவோடு நின்றது. ஆனால் 1938இல் லாஷியோவிலிருந்து குன்மிங் வரை சீனர்கள் மலைகளைக் குடைந்து சாலை போட்டதும், ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய ஆயுதங்கள் இந்தப் பாதை வழியாகவே சீனாவுக்குப் போயின. மேமியோ அந்த வழியின் நடுவில் இருந்தது. அடுத்து வந்த போரில் அந்த ஊர் பட்ட பாட்டுக்கு இந்த ரயில்தான் பாதிக் காரணம்.

மேமியோவின் தாவரவியல் பூங்காவைப் போர்க்கைதிகள் உருவாக்கினார்களாமே, உண்மையா?
(குன்னூர் வாசகி)

உண்மைதான், ஆனால் வடிவமைத்தவர்கள் வேறு. வன அதிகாரி அலெக்ஸ் ரோட்ஜர் 1915இல் தொடங்கிவைத்தார். பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரின் மனைவியும், பர்மாவின் மலைகளில் ஏறி மலர்களை வரைந்து சேகரித்தவருமான சார்லட் வீலர் கஃப் பூங்காவை அமைப்பதில் முன்னின்றார். அவர் கண்டெடுத்த ஒரு ரோடோடெண்ட்ரான் இனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நிலத்தைத் திருத்தும் கடின வேலையில் முதல் உலகப் போரில் பிடிபட்டுப் பர்மாவுக்குக் கொண்டுவரப்பட்ட துருக்கியக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள். ரோஜாத் தோட்டத்துக்குப் பின்னாலும் ராணுவத்தின் கை இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த கடிதத்துக்குப் போகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் மேமியோவின் பங்கு என்ன? நேதாஜி அங்கே தங்கியிருந்தார் என்று படித்திருக்கிறேன்.
(மதுரை வாசகர்)

இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட விடை தேவை. ஏனெனில் மூன்றே ஆண்டுகளில் அந்த ஊரின் பங்களாக்களில் அடுத்தடுத்து எதிரெதிர்ப் படைகளின் தலைமையகங்கள் குடியேறின.

போர் பர்மாவை எட்டும் முன்பே அங்கே 'புதர்ப் போர்ப் பள்ளி' என்ற பெயரில் ஒரு பயிற்சி முகாம் இருந்தது. பெயர் ஒரு மூடுதிரை. சீனாவுக்குள் சென்று ஜப்பானியருக்கு எதிரான கொரில்லாக்களுக்கு உதவ வேண்டிய அதிகாரிகளை மைக்கேல் கால்வெர்ட் என்பவர் அங்கே பயிற்றுவித்தார். 1942 மார்ச்சில் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவர் ஆர்டே விங்கேட். பின்னாளில் எதிரியின் முதுகுப்புறத்தில் இயங்கிய சிண்டிட் படையை இந்த இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். அறிமுகம் நடந்த இடம் மேமியோ.

1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் விழுந்தது. அரசும் படைத் தலைமையும் வடக்கே நகர்ந்து மேமியோவில் ஏறிக்கொண்டன. பர்மாவின் படைகளுக்குத் தலைமையேற்ற ஜெனரல் அலெக்சாண்டரின் தலைமையகம் அங்கே. சீனப் படைகளை நடத்த வந்த அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல் அதே ஊரில் அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷன் வீட்டில் தங்கினார். ஏப்ரலில் சீனத் தலைவர் சியாங் கை ஷேக் தம் மனைவியோடு வந்து போனார். அந்த ஏப்ரல் 3ஆம் தேதி, பெரிய வெள்ளியன்று, மலையடிவாரத்தில் மாண்டலே நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. அவ்வேளையில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாக அசாமை நோக்கியும் அரக்கானை நோக்கியும் நடந்துகொண்டிருந்தார்கள். காரைக்குடி வாசகரின் தாத்தாவைப் போன்ற பலருடைய பர்மா வாழ்க்கை அந்த நடையோடு முடிந்தது.

மே மாதத்தில் ஜப்பானியர் மேமியோவுக்குள் வந்தார்கள். பின்னர் அவர்களுடைய பதினைந்தாவது படையின் தளபதி முதாகுச்சி ரென்யாவின் தலைமையகம் அங்கே அமைந்தது. 1944இல் இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி ஏறத்தாழ 85,000 பேரை மலை கடந்து அனுப்பிய திட்டம் மேமியோவில் தீட்டப்பட்டது. படைக்கு மூன்று வாரத்துக்கே உணவு. மீதியை எதிரியின் கிடங்கில் பிடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கிடங்குகள் கைக்கு வரவில்லை. சண்டையிலும் பசியிலும் நோயிலும் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காயமோ நோயோ பட்டு விழுந்தார்கள். தளபதி நெடுங்காலம் மேமியோவின் குளிர்ந்த காற்றில் இருந்துகொண்டே காட்டில் கிடந்த படைக்கு ஆணையிட்டதை ஜப்பானிய அதிகாரிகளே பின்னர் கடுமையாகக் குறை கூறினார்கள்.

நேதாஜியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1944 ஜனவரியில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையகம் ரங்கூனுக்கு மாறியது. இம்பால் போர் தொடங்கிய பின் முன்னணித் தலைமையகம் ஏப்ரலில் மேமியோவுக்கு வந்தது. ஜான்சி ராணி படையின் ஒரு பிரிவும் அங்கே அனுப்பப்பட்டது. அதை நடத்திச் சென்றவர் சென்னையில் பிறந்து சென்னையிலேயே மருத்துவம் பயின்ற கேப்டன் லட்சுமி சுவாமிநாதன். அந்தப் படையில் பெரும் பகுதி மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இம்பால் விழுந்ததும் முன்னேறி இந்திய மண்ணில் கால் வைப்பது என்ற எண்ணத்தோடு மேமியோவுக்கு ஏறியவர்கள் அவர்கள். இம்பால் விழவில்லை. காடுகளிலிருந்து மலேரியாவோடும் வயிற்றுக்கடுப்போடும் தூக்கிவரப்பட்ட வீரர்களால் மேமியோ மருத்துவமனை நிரம்பியபோது, துப்பாக்கி பிடிக்கப் பழகியிருந்த அந்தப் பெண்கள் செவிலியராக வேலை பார்த்தார்கள். மேமியோவின் வரலாற்றை எழுதுபவர்கள் கவர்னரின் மாளிகைக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் தரும் இடத்தில் ஒரு பங்கையாவது இந்த மருத்துவமனை வார்டுக்குத் தரலாம் என்பது என் ஆதங்கம்.

1945 மார்ச்சில், மாண்டலேக்கான சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, பத்தொன்பதாவது இந்திய டிவிஷனின் ஒரு பிரிகேட் மலைப்பாதைகளின் வழியே சுற்றிச் சென்று மேமியோவைத் திடீரெனப் பிடித்தது. லாஷியோ பாதை துண்டிக்கப்பட்டது. கவர்னரின் மாளிகை போரில் அழிந்துபோனது. இன்று சுற்றுலாப் படங்களில் காண்பது பின்னாளில் விடுதியாக எழுப்பிய நகல்.

அப்படியானால் ஆங்கிலேயர் போனபின் அங்கே ராணுவக் கல்லூரி எப்போது வந்தது? மியான்மரின் இன்றைய தளபதிகள் எல்லாரும் அங்கே படித்தவர்களா?
(திருச்சி வாசகர்)

1948 ஜனவரி 4ஆம் தேதி பர்மா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே மேமியோ மறுபடியும் கைமாறியது: கரேன் இனத்தவரின் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கச்சின் ரைஃபிள்ஸ் பிரிவு ஒன்றின் தலைவர் நாவ் செங், கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்துகொண்டு மேமியோவையும் மாண்டலேயையும் பிடித்தார். சில வாரங்களில் அரசு மீட்டுக்கொண்டது. ஆனால் தன் படையையே நம்ப முடியாத அரசுக்கு, அதிகாரிகளைத் தானே வார்த்தெடுக்க வேண்டும் என்ற பாடம் கிடைத்தது. 1954 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஷான் மாநிலத்தின் பா தூ என்ற இடத்தில் பாதுகாப்புப் படைக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. 1957இல் அது மேமியோவுக்கு இடம்பெயர்ந்தது. தட்டையான நிலம், குளிர்ந்த காற்று, ஏற்கெனவே இருந்த பாசறைகள், மாண்டலேக்கு நெருக்கம் ஆகிய எல்லாமும் கர்னல் மேயின் காலத்திலிருந்தே காத்திருந்தவை.

நுழைவாயிலில் "எதிர்காலத்தின் வெற்றி வாகை சூடும் மேன்மக்கள்" என்ற பொருள்படும் வாசகம் இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள் அங்கே போர்ப் பயிற்சியோடு பட்டப் படிப்பையும் முடித்து அதிகாரிகளாக வெளிவருவார்கள். எல்லாத் தளபதிகளும் அங்கே படித்தவர்கள் என்று சொல்ல முடியாது. நீண்ட காலம் ஆண்ட தான் ஷ்வே வேறொரு அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர். அவருக்கு அடுத்த இடத்திலிருந்த மாங் ஆய் மேமியோவின் முதல் அணி. 2021 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய மின் ஆங் ஹ்லைங் பத்தொன்பதாவது அணி. நுழைவுக்கு மூன்றாம் முறை முயன்றுதான் 1974இல் இடம் பெற்றார். அந்த நாட்டில் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது "எந்த அணி?" என்று கேட்பது, நம் ஊரில் "எந்த பேட்ச்?" என்று ஐ.ஏ.எஸ். அதிகாரியைக் கேட்பதைப் போன்றதுதான். ஆனால் அங்கே அந்த விடையில் யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்பதும் சேர்ந்தே வந்துவிடும்.

1993இல் படைக்கான பொறியாளர்களை உருவாக்கும் தொழில்நுட்பக் கழகமும் அதே ஊரில் வந்தது. 2007இல் அருகே கணினித் தொழிலுக்காக யதனாபோன் என்ற புதுநகரம் தொடங்கப்பட்டது. ஊருக்குள் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற செங்கல் வீடுகள் பலவற்றில் அதிகாரிகளும் ஓய்வு பெற்றவர்களும் குடியிருக்கிறார்கள்.

நம் வெலிங்டனும் இதே கதைதானே?
(அருவங்காடு வாசகர்)

ஏறத்தாழ. ஜக்கதளா என்ற படகர் ஊரின் பக்கத்தில் 1850களில் சென்னை மாகாண அரசு எழுப்பிய பாசறைதான் பிறகு வெலிங்டன் ஆனது; 1947இல் குவெட்டாவிலிருந்து பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரி அங்கே வந்தது. வேற்றுமை என்னவென்றால், நீலகிரியில் பாசறைக்கு வெலிங்டன், ஆட்சிக்கு ஊட்டி, ஓய்வுக்குக் குன்னூர் என்று மூன்று ஊர்கள் இருந்தன. மேமியோவில் மூன்றுக்கும் ஒரே ஊர். இலங்கையின் தியத்தலாவையையும் சேர்த்துக்கொள்ளலாம்: 1900இல் போயர் போர்க்கைதிகளுக்காக முகாம் கட்டிய இடம் இன்று அந்நாட்டு ராணுவக் கழகத்தின் இருப்பிடம்.

இப்போது அங்கே போய்ப் பார்க்க முடியுமா?
(காரைக்குடியிலிருந்து மற்றொரு கடிதம்)

ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன்புவரை வெளிநாட்டுப் பயணிகள் நிறையப் போனார்கள். மரத்தாலான வண்ணக் குதிரை வண்டிகளில் ஊர் சுற்றுவதும், ஸ்ட்ராபெர்ரியும் உள்ளூர்க் காப்பியும் வாங்குவதும், கொக்தேக் பாலத்தின்மேல் ரயிலில் போவதும் வழக்கம். ஆனால் அமைதி அப்போதே உறுதியாக இல்லை. 2019 ஆகஸ்ட் 15ஆம் தேதி, வடக்குப் பகுதியின் ஆயுதக் குழுக்கள் மேமியோவின் ராணுவத் தொழில்நுட்பக் கழகத்தையும் கொக்தேக் அருகிலிருந்த காவல் நிலையையும் ஒரே நாளில் தாக்கின. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் பாதையின் மறுமுனையான லாஷியோவும் அங்கிருந்த வடகிழக்குப் படைத் தலைமையகமும் கிளர்ச்சியாளர் கைக்குப் போய், அடுத்த ஆண்டு ராணுவத்திடம் திரும்பின. 2025 ஆகஸ்டில் கொக்தேக் பாலமே வெடிவைப்பில் சேதமடைந்தது. ராணுவமும் எதிர்த்தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினார்கள்.

எனவே இப்போதைக்குப் போக வேண்டாம். உங்கள் குடும்பத்தில் யாரிடமாவது மேமியோவில் எடுத்த பழைய படம் இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். படம் பிடித்த ஸ்டூடியோவின் முத்திரையும் ஆண்டும் இருந்தால், அவற்றை எழுதி அனுப்புங்கள்.